மறுசிரிப்பு விசாரணை

ஒரு ஜோக்கைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் காலம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், வெள்ளத்தாய் அதையே ஒரு துணுக்காக்கி மேடையில் விற்றிருப்பாள். அந்தக் காலம் வந்துவிட்டது, விற்கத்தான் முடியவில்லை. மதுரையில் ஒரு கலையரங்கத்துக்குக் காலையிலேயே போலீஸ் வேனில் அவளைக் கொண்டுவந்து, மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் செய்த குற்றம் ஒரு ஜோக் சொன்னது. அதே ஜோக்கை இன்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். ஜனங்கள் சிரித்தால் வீடு, சிரிக்காவிட்டால் ஜெயில்.

அயல்தகவல் ஆணையத்து அலுவலர் தனுஷ்கோடி ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் முகப்பில் சிவப்பாக ஒரு விளக்கு, பச்சையாக ஒரு விளக்கு, நடுவில் தராசு மாதிரி ஒரு முள்.

"இதுதாம்மா ஊற்றுமானி. பார்த்திருப்பீங்க."

"பார்க்காம என்ன சார்? பிள்ளையாருக்கு முன்னாடி இதத்தான எல்லா மேடையிலயும் வைக்கிறீங்க."

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. பணி நேரத்தில் அவர் சிரித்தால் அதையும் பெட்டி எண்ணிவிடும் என்று அவருக்குப் பயம்.

"விசாரணைக்கு முன்னாடி சட்டத்தைப் படிச்சுக் காட்டணும்மா, விதி. ஒரு வேட்பாளரைப் பத்தி வெளிநாட்டுல இருந்து என்ன தகவல் வந்தாலும், சொன்னவங்க பேரோட ஆணையத்துக்கு அறிவிக்கணும். அங்கருந்து சொன்னவங்களுக்கும் ஜெயிலு, கேட்டவங்க மறைச்சா ஏழு வருஷம். ஒரு சேதி மொதமொதல்ல எந்த ஊர்ல பொறந்ததுன்னு இந்தப் பெட்டி தேடிக் கண்டுபிடிச்சிரும். போன மாசம் திண்டுக்கல்ல நீங்க சொன்ன ஜோக்கு பாங்காக்ல பொறந்திருக்கு."

"ஜோக்குக்கெல்லாம் எதுக்கு சார் பிறப்புச் சான்றிதழ்?"

"ஜோக்குக்கு வேணாம். நையாண்டிக்கு விலக்கு உண்டு. ஆனா அது ஜோக்குதானான்னு யாரு முடிவு பண்றது? கேக்குறவங்க. அரங்கத்துல பாதிக்கு மேல சிரிச்சா பச்சை, அது நையாண்டி. சிரிக்கலேன்னா சிவப்பு, அது தகவல். அப்புறம், யாரு சொன்னாங்கன்னு இங்கயே பேரைச் சொல்லிரணும்."

"திண்டுக்கல்ல பச்சை எரிஞ்சுச்சே சார்?"

"அமைச்சர் தரப்புல ஆட்சேபம் குடுத்திருக்காங்க. அதான் மறுசிரிப்பு விசாரணை." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினார்.

அமைச்சர் என்றால் அறவாழி. சுகாதாரத் துறை. 'நம் மண், நம் மருந்து' என்று ஊர் ஊராக முழங்கியவர். முழங்கியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் வார்டை இழுத்து மூடி, அங்கே மண்மருந்து நிலையம் திறந்தார். அவர் படம் ஒட்டிய பாட்டிலில் கஷாயம் இலவசம். இந்தத் தேர்தலில் மறுபடியும் நிற்கிறார்.

அயல்தகவல் அறிவிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவருடைய கட்சிதான். அந்நியன் நம் தேர்தலில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளத்தாயே அன்றைக்குக் கை தட்டினாள். பிறகுதான் தெரிந்தது, சட்டம் தேடியது எந்த நாட்டு உளவாளியையும் இல்லை என்று. கத்தாரில் வண்டி ஓட்டிய மேலூர்க்காரன் ஒருவன், "நம்ம கவுன்சிலரோட மச்சான் இங்கன கடை தொறந்துருக்காருப்பா" என்று அப்பாவிடம் போனில் உளறினான். கவுன்சிலர் அப்போது வேட்பாளர். அப்பா அதைப் போய் அறிவிக்கவில்லை. அப்பா உள்ளே போனார், ஊருக்கு வந்த மகனை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அதன் பிறகு வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருந்த வீடுகளில் பேச்சு சுருங்கிவிட்டது. மழை பெய்ததா, என்ன குழம்பு, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்.

வெள்ளத்தாயின் தங்கை பஞ்சவர்ணம் பாங்காக்கில் நர்ஸ். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அவளோடு அங்கேதான். அவளும் மழை, குழம்பு என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடக்க முடியாமல் வாயை விட்டுவிட்டாள். "அக்கா, உங்கூரு கஷாயக்காரரு எங்க வார்டுல படுத்துருக்காருக்கா. கிட்னி மாத்தியாச்சு. வேற பேருல வந்துருக்காரு. கஷாயம் கொண்டாரவான்னு கேட்டேன், மொறைக்கிறாரு." சொன்ன வேகத்தில் பயந்துபோய் வைத்துவிட்டாள்.

வெள்ளத்தாய் அப்போது விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கெட்டது அங்கேதான். தன்னைச் சிரிக்க வைத்த ஒன்றை மேடையேற்றாமல் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. போனை அறிவித்தால் தங்கச்சி மாட்டுவாள், ஜோக்காக்கிவிட்டால் விலக்கு இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். மேடைக்காரிக்கு மட்டும் தோன்றக்கூடிய முட்டாள்தனம் அது. சிரிப்பு எப்போதும் தன் பக்கம் நிற்கும் என்ற திமிர். இப்போது சிவப்பு எரிந்தால் பஞ்சவர்ணத்தின் பேரைச் சொல்ல வேண்டும். நோயாளி விவரத்தை வெளியே விட்டதற்கு அங்கே வேலை போகும், இங்கே வந்து இறங்கினால் ஜெயில். பேரைச் சொல்லாவிட்டால் தான் ஏழு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, ஆனால் உள்ளே வைத்து எப்படியும் பேரை வாங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய குழுவில் டோலக் வாசிக்கும் சீனிச்சாமி அரங்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சோலி முடிஞ்சுச்சு. எடது பக்கம் பூராம் அமைச்சர் ஆளுக. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வேன் வேனா எறக்கியிருக்காய்ங்க. ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம், கூலி வேற. சிரிச்சா கூலி கெடையாதாம். ஒருத்தன் மைக்க வச்சுக்கிட்டு, 'பல்லு தெரிஞ்சுச்சு, நடந்துதான் ஊருக்குப் போகணும்'னு மெரட்டிக்கிட்டு இருக்கான்."

"வலது பக்கம்?"

"எதிர்க்கட்சி ஆளுக. அவிங்களும் கூலிக்குத்தான். சிரிக்கிறதுக்குக் கூலி. இப்பவே சிரிச்சுப் பழகிக்கிட்டு இருக்காய்ங்க."

"அது செல்லாதும்மா" என்றார் தனுஷ்கோடி. "எல்லாரு மணிக்கட்டுலயும் ஒரு பட்டை கட்டியிருக்கோம். வயித்துல இருந்து வர்ற சிரிப்பு மட்டுந்தான் கணக்கு. தொண்டைச் சிரிப்பைப் பெட்டி தள்ளிரும்."

ஒரு பக்கம் சிரிக்கவே கூடாதவர்கள். இன்னொரு பக்கம் சிரித்தும் செல்லாதவர்கள். இதற்கு நடுவில் நின்று தங்கச்சியைக் காப்பாற்ற வேண்டும்.

"அந்த ஜோக்க விட்டுட்டு வேற எதாச்சும் சொல்லுக்கா" என்றான் சீனிச்சாமி.

"அதச் சொல்லத்தான்டா கூட்டியாந்திருக்காய்ங்க. அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தை விடக் கூடாது. முன்ன பின்ன என்ன வேணா பேசலாம், மணி அடிக்கிற வரைக்கும்." அவள் சேலை மடிப்பை நீவிக்கொண்டு எழுந்தாள். "நீ டோலக்கத் தொடாத. பயத்துல தாளம் தப்பிரும்."

மேடைக்கு வந்து "வணக்கம்" என்றாள். வலது பக்கம் வெடிச் சிரிப்பு. ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியின் முள் அசையவில்லை.

"வணக்கத்துக்கே இந்தச் சிரிப்பா? ஒங்க தலைவரு பேச்சக் கேட்டா செத்துப் போயிருவீங்களேய்யா" என்றாள். அவர்களுக்கு இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இடது பக்கத்தில் மட்டும் சில உதடுகள் துடித்து அடங்கின.

அந்த இடது பக்கத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். வெயிலில் உழைத்த முகங்கள். பெண்கள்தான் அதிகம். சிலர் முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தார்கள். ஒரு கிழவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பாமல் வாய் நிறைய அடக்கியிருந்தார். முதல் வரிசையில் அமைச்சரின் வக்கீல் வைகுந்தம், வெள்ளைச் சட்டையில், காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வெள்ளத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜனங்களின் சிரிப்பைக்கூட விலைக்கு வாங்கிவிட்டு இந்த ஆள் எவ்வளவு ஓய்வாக உட்கார்ந்திருக்கிறான்!

"ஏன்த்தா, ஒங்களச் சிரிக்கக் கூடாதுன்னுதான கூட்டியாந்திருக்காய்ங்க? நல்ல விசயம். நானும் வீட்டுல எங்க மாமியா முன்னாடி அப்படித்தான் இருப்பேன். முப்பது வருசமா எனக்கு எவன் கூலி குடுத்தான்?"

பின்வரிசையில் யாருக்கோ புரையேறியது. முள் துளி அசைந்து படுத்துக்கொண்டது. மைக் பிடித்திருந்த ஆள் திரும்பி முறைத்தான்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. அவள் அந்த ஜோக்கைச் சொன்னாள். திண்டுக்கல்லில் சொன்னது சொன்னபடியே.

"நம்ம கஷாய அமைச்சரு பாங்காக் போயி கிட்னிய மாத்திக்கிட்டாராம். அந்தூரு டாக்டரு கேட்டாராம், 'என்னய்யா, ஒங்கூருலதான் கஷாயத்துலயே எல்லாம் சரியாப் போகுதாமே, நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த?' அமைச்சரு சொன்னாராம், 'டாக்டரு, அந்தக் கஷாயம் ஓட்டுப் போடுறவனுக்கு. நான் ஓட்டு வாங்குறவன்.'"

வலது பக்கம் கூலிக்குக் கடமையாகச் சிரித்தது. இடது பக்கம் இறுகிக் கிடந்தது. முள் அசையவில்லை. தனுஷ்கோடி மணிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம் என்று வெள்ளத்தாயின் மனசு அடித்துக்கொண்டது.

அப்போது இடது பக்கம் ஓர் அம்மாள் எழுந்தாள். காதில் கனத்த தண்டட்டி, கையில் பிரியாணிப் பொட்டலம். பக்கத்தில் இருந்தவள் "ஏ ஒச்சம்மா, ஒக்காருடி" என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். ஒச்சம்மா உட்காரவில்லை.

"ஏத்தா, நெசமாவா?"

வலது பக்கத்தில் கூலிச் சிரிப்பும் நின்றது.

"எங்க வீட்டுக்காரரு அந்த வார்டுலதான் வாரத்துக்கு ரெண்டுவாட்டி ரத்தம் மாத்திக்கிட்டு இருந்தாரு. மூடிப்புட்டாக. இப்பக் கஷாயந்தான். காலெல்லாம் வீங்கிப் போச்சு. அமைச்சரும் இதத்தான் குடிக்கிறாருன்னு பாட்டில்ல போட்டுருக்கே? நெசமாவே அவரு கிட்னி மாத்தப் போனாரா?"

வெள்ளத்தாய் வாழ்நாளில் எத்தனையோ குறுக்குக் கேள்விகளை மேடையில் சந்தித்தவள். செருப்பு வந்து விழுந்தபோதுகூட 'ஜோடியப் போடு' என்றவள். இந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்தது இரண்டே பதில். ஆமாம் என்றால் அந்தக் கணமே அது தகவல். பஞ்சவர்ணத்தின் சின்ன மகளுக்கு இன்னும் முன்பல்லுகூட முளைக்கவில்லை. இல்லை என்றால் இந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மறுபடியும் கஷாயம் ஊற்றிக் கொடுப்பாள். ஒச்சம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனுஷ்கோடியின் விரல் மணியின் மேல் இருந்தது.

"பொய்யித்தா" என்றாள் வெள்ளத்தாய். தன் குரல் இவ்வளவு சரளமாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "சும்மா சிரிக்கச் சொன்னேன். அந்தாளு எதுக்குப் பாங்காக் போறாரு? மாத்துறதுக்கு மொதல்ல உள்ள எதாச்சும் இருக்கணும்ல? அவருக்குக் கிட்னியும் கெடையாது, ஈரலும் கெடையாது. போஸ்டரக் கிழிச்சுப் பாரு, பின்னாடி பசை மட்டுந்தான் இருக்கும்."

ஒச்சம்மாவின் முகத்தில் முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகு அந்த நிம்மதி தாங்காமல் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பொட்டலம் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். அவளை இழுத்தவள் முந்தானையைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கிழவரின் வெற்றிலைச் சாறு முன்னால் இருந்தவர் சட்டையில் பாய்ந்தது. அதைப் பார்த்து அந்த வரிசையே உடைந்தது. "சிரிக்காதீங்க! ஏய், சிரிக்காதீங்க!" என்று கத்திய மைக்குக்காரனே பாதியில் சிரித்துவிட்டான். வலது பக்கம் இப்போது கூலியை மறந்து நிஜமாகவே சிரித்தது. முள் பாதியைத் தாண்டி மறுகோடியில் போய் முட்டியது.

பச்சை எரிந்தது. மணி அடித்தது.

வக்கீல் வைகுந்தம் ஆட்சேபம் சொல்ல எழுவார் என்று வெள்ளத்தாய் எதிர்பார்த்தாள். ஜோக்குக்குப் பிறகு 'பொய்' என்று சேர்த்துச் சொன்னாளே, அதைப் பிடித்துக்கொள்ளலாமே. அவர் எழவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தனுஷ்கோடி ஆணையைப் படித்தார். மேற்படி கூற்று நையாண்டி என்று உறுதி செய்யப்படுகிறது. ஊற்றைத் தேடும் நடவடிக்கை கைவிடப்படுகிறது. இனி எவரும் இக்கூற்றைத் தகவல் என்று அச்சிடவோ, ஒளிபரப்பவோ, வழக்கில் எடுத்துரைக்கவோ கூடாது. மீறினால் தண்டனை. சீனிச்சாமி மேடைக்கு ஓடிவந்து அவள் காலில் விழுந்தான். தங்கச்சி தப்பித்தாள், தப்பித்தாள் என்று ஒரு மனசு கும்மாளம் போட்டது.

வைகுந்தம் மேடைக்கு வந்து கை கூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா."

"தோத்துப்போன வக்கீலு நன்றி சொல்லி இப்பத்தான் சார் பார்க்குறேன்."

"யாரும்மா தோத்தா? பத்திரிகைக்காரங்க ரெண்டு பேரு இந்த விஷயத்தை மோப்பம் பிடிச்சு, ஆஸ்பத்திரி ரசீது வரைக்கும் போயிட்டாங்க. இனிமே ஒரு வரி எழுத முடியாது. ஆணையமே ஜோக்குன்னு தீர்ப்புக் குடுத்த விஷயத்தை எவன் தகவல்னு போடுவான்? திண்டுக்கல் பச்சை ஒரு சாதாரண மேடைப் பச்சை, அது பத்தலை. ஆணையத்தோட முத்திரை வேண்டியிருந்தது."

"அப்புறம் எதுக்குய்யா சிரிக்கக் கூடாதுன்னு ஆள எறக்குன?"

"கூலி குடுத்துச் சிரிக்கச் சொன்னா பெட்டி ஒத்துக்காதே. நிஜச் சிரிப்பு வேணும்னா என்ன பண்றது?" வைகுந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழவு வீட்டுல உங்களுக்குச் சிரிப்பு வந்ததே இல்லையா? அடக்கு, அடக்குன்னு சொன்னாத்தாம்மா பீறிட்டு வரும். அந்த அம்மா கேள்வி கேப்பாங்கன்னு நான் நெனைக்கல. ஒரு நிமிஷம் எனக்கே உயிர் போச்சு. நீங்க பெரிய கலைஞர், சமாளிச்சுட்டீங்க."

அவர் முகத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பியிருந்தாலும் அதையும் நையாண்டி என்று துடைத்துக்கொண்டு போயிருப்பான். அவள் படியிறங்கி வெளியே ஓடினாள். பின்னாலேயே சீனிச்சாமி, "அக்கா, எங்க போற?" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

வாசலில் வேன்கள் உறுமிக்கொண்டு நின்றன. மூன்றாவது வேனில் ஜன்னலோரம் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்தாயைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"நல்லாருப்ப தாயி. கூலி போச்சு, போனாப் போகுது. ஒரு நிமிசம் எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. இருக்குற ஆட்ட வித்துப்புட்டு அவரத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்னு அங்கனயே முடிவு பண்ணிட்டேன். நல்லவேளை, பொய்யின்னு சொன்ன."

வேனில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் போன். யாராவது ஒருத்தி பதிவு செய்து ஆணையத்துக்கு அனுப்பினால் போதும். பஞ்சவர்ணத்தின் பிள்ளைகள் கண் முன்னால் வந்தார்கள். வெள்ளத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, நான் உள்ள சொன்னதுதான் பொய்யி. அவரு நெசமாவே போனாரு. கிட்னிய மாத்திக்கிட்டுத்தான் வந்துருக்காரு. சத்தியமாச் சொல்றேன், ஆட்ட வித்துரு. அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. கஷாயத்தக் கீழ ஊத்து."

ஒச்சம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிப்பில் குலுங்கினாள்.

"அடி கள்ளி! மறுபடியும் ஆரம்பிச்சுட்டா பாருங்கடி!"

"இல்லத்தா, வெளையாட்டு இல்ல. எந் தங்கச்சி அந்த ஆஸ்பத்திரியிலதான் நர்சு. அவ கண்ணால பார்த்தா."

"தங்கச்சியாம்ல!" என்று உள்ளிருந்து ஒருத்தி கத்த, வேனே அதிர்ந்தது. பயலுகளும் கிழவர்களும் ஜன்னலில் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். இப்போது யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. உள்ளே அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான்.

வெள்ளத்தாய் கம்பியை விடாமல் வேனோடு கொஞ்ச தூரம் ஓடினாள். சத்தியம், சத்தியம் என்று கத்தினாள். ஒருவராவது சிரிக்காமல் இருந்துவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அப்படி ஒரு முகம்கூட அந்த வண்டியில் இல்லை.